சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

பின்னால் நின்று ஹார்ன் அடிப்பவர்களுக்குக் கூசாத மனிதர்கள் அதிகம் கிடையாது. எனக்குத் தெரிந்து ஒருவர்தான். டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம், அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது, நல்ல உயரம், இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. சுற்றியிருந்த வங்காளிகளுக்கு அவர் ‘மாஷிமா’. நம் ஊரில் சித்தி என்கிற மாதிரி. எனக்கு அக்கா. கொல்கத்தாவின் நடுரோட்டில் தான் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் பஸ்ஸும் ஆட்டோவும் மஞ்சள் டாக்ஸியும் சேர்ந்து அலற அலற, டப்பாவைத் திறந்து நிதானமாக முறுக்கு தின்ன அவரால் முடியும். எனக்கும் ஒன்று நீட்டுவார். நான் கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டிருப்பேன்.

நான் மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன், மாற்றலில் அந்த ஊருக்குப் போனவன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவர்களுக்கு யோசனை சொல்ல மட்டும் தெரியும். அக்காவுக்குத் தொழில் சமையல். டாலிகஞ்சில் சினிமா ஸ்டூடியோக்கள் உண்டு. படப்பிடிப்பு நடக்கிற நாட்களில் காலை டிபன் அக்காவுடையது. மற்ற நாட்களில் நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவார். என் அலுவலகமும் நியூ டவுனில்தான். ஓசிப் பயணத்துக்கு ஆசைப்பட்டு நானும் தொற்றிக்கொள்வேன். வீட்டில் என் மனைவி சிரிப்பாள். “உங்க அக்கா வண்டில ஏறினா கண்டிப்பாப் போய்ச் சேரலாம். எப்பன்னு மட்டும் கேக்கக் கூடாது.”

வண்டி ஒரு பிக்கப். முன்னால் நாலு கதவு, பின்னால் திறந்த தொட்டி. வடக்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்ததைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தார். ஆட்டோமேட்டிக் வண்டிதான் வேண்டும் என்று தேடி வாங்கியது. கிளட்ச் மிதிக்க இடது கால் ஒத்துழைக்காது, அதனால். அந்த வண்டி வந்த பிறகுதான் அக்காவின் சமையல் தெருமுனையைத் தாண்டியது. அதற்கு முன்பு துறைமுகத்தில் வேலை பார்த்து மறைந்த கணவரின் பென்ஷனும் நாலு வீட்டுக்கு இட்லி மாவும்தான்.

வாங்கிய முதல் கோடையிலேயே கியர்பாக்ஸ் கருகிவிட்டது. அது எனக்கு முந்திய காலம். மழைக்காலம் முழுக்க வண்டி ஷெட்டில் கிடக்க, ஸ்டூடியோக்காரர்கள் கொஞ்ச காலம் வேறு ஆளிடம் போய்விட்டார்களாம். பெங்களூரில் வேலை பார்க்கிற ஒரே மகன் ஓடி வந்து, இதெல்லாம் போதும், வண்டியை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று பிடிவாதம் பிடித்திருக்கிறான். கடைசியில் அக்கா ஒரு வாக்குக் கொடுத்தார். இன்னொரு தடவை கியர்பாக்ஸ் கருகினால் மறுபேச்சு இல்லாமல் பெங்களூருக்கு வந்துவிடுகிறேன் என்று. அவர் வாக்கு மாறுகிற ஆள் இல்லை. வம்பே அதுதான்.

அன்று முதல் அந்த கியர்பாக்ஸைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். மல்லிக் பஜாரில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, வண்டியின் மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால், கியர்பாக்ஸ் ஆயில் ஆறுவதற்கென்று தனியாக ஒரு கூலர் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங் பக்கத்தில் அந்த ஆயிலின் சூட்டைக் காட்ட ஒரு சின்ன மீட்டர். மீட்டரின் கண்ணாடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் கொல்கத்தா, அந்தப் பக்கம் பெங்களூர். ஊசி ஏற ஆரம்பித்தால் “தம்பி, இது பெங்களூருக்கு டிக்கெட் எடுக்கப் பாக்கு” என்பார். உடனே எங்கே இருந்தாலும் ஓரம் கட்டுவார். ஓரம் இல்லாவிட்டால் நடுவிலேயே கட்டுவார்.

கிளட்ச் இல்லாத வண்டியில் என்ன சூடாகிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அக்கா அலுத்துக்கொண்டார்.

“கிரைண்டர்ல மாவு கெட்டியா விழுந்துட்டுன்னா என்ன ஆவும்? மோட்டார் முக்கும், கல்லு சுத்தாது. மாவு கொதிச்சுப் போவும். அந்த மாவுல இட்லி எந்திரிக்குமா? இங்கயும் அதுதான். எஞ்சின் இழுக்கு, சக்கரம் நகரல, நடுவுல கெடக்க ஆயிலு சூடாவுது. ஊர்ந்து ஊர்ந்து போனா இன்னும் சூடாவும்.”

ஊர்ந்து போகாமல் கொல்கத்தாவில் எங்கே போவது? அதற்கும் அக்காவிடம் ஒரு வழி இருந்தது. நெரிசலில் முன்வண்டியை ஒட்டிப் போகவே மாட்டார். கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பிரேக்கை மிதித்தபடி நிற்பார். முன்னால் ஒரு லாரி நிற்கிற அளவுக்கு இடம் விழுந்த பிறகுதான் ஒரே மூச்சில் நகருவார். அந்த இடத்தில் அதற்குள் ஆட்டோ, ஸ்கூட்டர், தள்ளுவண்டி எல்லாம் புகுந்துவிடும். நான் பல்லைக் கடிப்பேன். “போவட்டும், அவங்களுக்கு அவசரம்” என்பார். மேம்பாலத்தில் ஏறும்போது கியரை இரண்டாவதிலேயே பிடித்து வைப்பார். ஊசி கொஞ்சம் அசைந்தாலும் ஏசி அணைந்துவிடும். வைகாசி மாதத்துக் கொல்கத்தாவில் ஏசி இல்லாத வண்டிக்குள் சாம்பார் அண்டாக்களோடு உட்கார்ந்து போனவனுக்குத்தான் தெரியும், ஓசிப் பயணத்தின் அருமை.

ஒரு நாள் ஸ்டூடியோவில் புரொடக்‌ஷன் மானேஜர் ஒருவர், எப்படியும் வண்டி போகிறதே என்று ஜெனரேட்டர் ஒன்றைத் தொட்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார். அக்கா திரும்பி வந்து, பாரத்தில் அமுங்கிய பின் டயரைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கேட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஹீரோவின் கார் வெளியே நின்று ஹார்ன் அடித்தது. ஜெனரேட்டர் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்த ஹீரோவே கீழே இறங்கி, ஜெனரேட்டரை இறக்கக் கைகொடுத்தார் என்று அக்கா சொல்வார். அதை நான் முழுசாக நம்பவில்லை.

புரட்டாசியில் வேறு தொல்லை. நியூ டவுனில் கட்டாத மனைகளில் எல்லாம் நாணல் பூத்து வெள்ளை வெளேரென்று கிடக்கும். துர்கா பூஜை வரப்போகிறது என்பதற்கு வங்காளிகளுக்கு அதுதான் அடையாளம். குடும்பம் குடும்பமாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அந்தப் பூவைக் கண்டாலே ஆகாது. அதன் பஞ்சு காற்றில் பறந்து வந்து கூலரின் தகடுகளுக்குள் அப்பிக்கொள்ளும். காற்று நுழையாது. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, வெள்ளையடிக்கிற பிரஷ் ஒன்றை எடுத்து, குனிந்து தகடு தகடாகத் தட்டி எடுப்பார். பூவுக்குள் நின்று சிரித்துக்கொண்டிருக்கிற பெண்களைப் பார்த்து, “உங்களுக்கு என்னம்மா, அழகா இருக்கும். எனக்குல்லா மூச்சு முட்டுது” என்று தமிழிலேயே கத்துவார். அவர்கள் கையசைப்பார்கள்.

எனக்கு அவர்மேல் கோபமே வந்ததில்லை என்று சொன்னால் பொய். மச்சினன் கல்யாணத்துக்கு மனைவியும் பிள்ளைகளும் முன்னாலேயே போய்விட, நான் கடைசி நாளில் கிளம்பினேன். ஸ்டேஷனில் கொண்டு விடுகிறேன் என்று அக்காதான் கூப்பிட்டார். ஹவுரா பாலத்துக்கு ஏறுகிற இடத்தில், பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், நிறுத்திவிட்டார். ஊசி கோட்டைத் தொடக்கூட இல்லை. நான் கெஞ்சினேன். பிறகு கத்தினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடலாமா என்று பார்த்தேன்; பெட்டியில் சீர்வரிசைப் பாத்திரங்கள்.

“ரயிலு நாளைக்கும் உண்டு தம்பி. எனக்கு இந்த கியர்பாக்ஸ் ஒண்ணுதான்” என்றார்.

ரயில் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக என்னை இழுத்துக்கொண்டு போய் பிளாட்பாரத்தில் உட்காரவைத்து, ரயில் வருகிறவரை கூடவே இருந்தார். இரண்டு வேளைச் சாப்பாடு ஆனது. முகூர்த்தம் முடிந்துதான் ஊர் போய்ச் சேர்ந்தேன். என் மாமியார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு நவமி அன்று கோட்டை விட்டார்.

நம் வழக்கத்தில் நவமி ஆயுத பூஜை. ஆயுதத்துக்கு அன்று ஓய்வு. வருஷா வருஷம் அக்கா அதிகாலையில் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டுவார். காளிகாட் கோயிலில் அம்மனுக்குச் சாத்தி எடுத்த சிவப்புத் துணியை வாங்கி வந்து வண்டியின் மூக்கில் கட்டி, மேலே சாமந்தி மாலை போடுவார். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினால் சரி. மறுநாள் விஜயதசமிக்குத்தான் வண்டி ஓடும். அதுவரை அலங்காரத்தில் கை வைக்க மாட்டார்.

அந்த வருஷம் நியூ டவுனில் ஒரு பெரிய அடுக்குமாடியில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நவமி மதியச் சாப்பாட்டுக்கு அக்காவைக் கேட்டார்கள். அவர் வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர். தட்ட மனம் வரவில்லை. விடுமுறைக்கு மகனும் வந்திருந்தான். பூஜையை முடித்து, அண்டாக்களை ஏற்றி, அலங்காரத்தோடு அப்படியே கிளம்பினோம். நாணல் பஞ்சையே பொறுக்காத மனுஷி, கூலரின் முகத்தை ஒரு முழுத் துணியால் மூடிக் கட்டியிருந்தார். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. சாமி காரியமாகத்தான் தெரிந்தது.

விடிய விடிய நின்று சமைத்ததில் அக்காவின் முழங்கால் வீங்கியிருந்தது. மகன் சாவியை வாங்கிக்கொண்டான். நல்ல பையன். பெங்களூரில் அவனும் ஆட்டோமேட்டிக் கார்தான் வைத்திருந்தான். ஏறியதும் ஏசியைப் போட்டான். நான் பின்சீட்டில், மடியில் வடைக் கூடையோடு இருந்தேன்.

பூஜை நேரத்துக் கொல்கத்தாவில் வண்டிகள் நகருவதில்லை. பந்தல் பந்தலாகக் கூட்டம், தாக் மேளம், புதுச்சட்டைகள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் மொத்தமாக மாட்டிக்கொண்டோம். வண்டி பின்வாங்கிவிடாமல் இருக்க அவன் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடியே நின்றான். எஞ்சின் இழுக்க, சக்கரம் நிற்க, ஊசி ஏற ஆரம்பித்தது.

“ஏலே, அதுலேர்ந்து கால எடு. பிரேக்க மிதி. நியூட்ரலுக்குத் தள்ளு.”

“அம்மா, இது ஆட்டோமேட்டிக்மா. அதுவே பாத்துக்கும்.”

“ஏசிய நிறுத்து.”

“இந்த வெயில்லயா? ரிலாக்ஸ்மா.”

ஊசி கோட்டைத் தொட்டது. பிறகு தாண்டியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரோடு போன இத்தனை நாளில் ஊசி அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை.

“நிறுத்துலே.”

“இங்கயா? பின்னாடி பாரும்மா, எல்லாரும் கத்துறாங்க.”

“கத்தட்டும். நிறுத்து.”

அந்தக் குரலுக்கு அவன் நிறுத்தினான். நான் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். எஞ்சினை அணைக்கப்போனவனைத் தடுத்து, “அது ஓடட்டும். அப்பத்தான் ஆயில் சுத்தி வந்து ஆறும். கியர மட்டும் எடு” என்று சொல்லிவிட்டு, அக்கா பட்டுப்புடவையோடு இறங்கி, காலை இழுத்து இழுத்து வண்டியின் முன்னால் போனார். அங்கே நின்றுவிட்டார். சிவப்புத் துணி அனல் மாதிரி கொதித்தது. தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

“நானேல்லா கட்டினேன்” என்றார். “என் கையாலேயே கட்டினேனே.”

முடிச்சு இறுகிக் கிடந்தது. வாழைக்காய் நறுக்குகிற கத்தியை எடுத்துவரச் சொன்னார். அம்மன் துணியில் கத்தி வைக்க ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு சத்தமாகவே பேசினார். “தாயே, கோவிச்சுக்கிடாத. ஒனக்குக் காத்து வேணும்னா நான் ஒக்காந்து விசிறுதேன். இப்ப இதுக்கு வேணும்.” அறுத்தார். துணியைக் கீழே விடாமல் தோளில் போட்டுக்கொண்டார். மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றி என்னிடம் கொடுத்தார். பானெட்டைத் திறந்ததும் வந்த காந்தலில் நான் பின்னால் தள்ளி நின்றேன்.

பாலம் முழுக்க ஹார்ன். ஒரு டிராபிக் சார்ஜென்ட் வெயிலில் சிவந்த முகத்தோடு ஓடி வந்தார். அக்கா தன் திருநெல்வேலி வங்காளத்தில் வண்டிக்குக் காய்ச்சல் என்று சொல்லி, கூடையைத் திறந்து இரண்டு வடை கொடுத்தார். அவர் ஒன்றைத் தின்றுகொண்டே எங்களைச் சுற்றி வண்டிகளைத் திருப்பிவிட ஆரம்பித்தார். நியூ டவுனிலிருந்து போனுக்கு மேல் போன். “வாரோம். கொஞ்சம் பசிக்கட்டும், ருசியா இருக்கும்” என்று வைத்துவிட்டார்.

மகன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். அவமானமும் பரிதாபமுமாக இருந்தான்.

“ஏம்மா இந்தக் கஷ்டம்? இந்த வயசுல, பாலத்து மேல நின்னுக்கிட்டு... வித்துடலாம்மா. எங்கூட வந்து நிம்மதியா இரு.”

“கஷ்டம்னு யாரு சொன்னா?” அக்கா அவன் பக்கம் திரும்பினார். “ஒன் வீட்டுல நான் என்னலே செய்வேன்? சாயங்காலம் வந்து ‘சாப்ட்டியாம்மா’ன்னு கேப்ப. சாப்ட்டேன்பேன். அதோட அன்னைக்குள்ள பேச்சு முடிஞ்சிரும். இங்க பாரு, இத்தன பேரு என்னய வையுதான். எவனுக்கோ நான் வழிய மறிச்சுக்கிட்டு நிக்கேன். வர லேட்டானா அங்க நூறு பேரு என்னயத் தேடுதான். எனக்கு அது வேணும்லே.”

அவன் பின்னால் போய், பஸ்களுக்குக் கைகாட்டி வழி விட ஆரம்பித்தான்.

ஊசி இறங்கியது. மிச்ச வழியை அக்காதான் ஓட்டினார். மத்தியானச் சாப்பாடு சாயங்காலம் ஆனது. பசியில் யாரும் குறை சொல்லவில்லை. புளியோதரை அண்டாவைச் சுரண்டி எடுத்தார்கள். ஆனால் திரும்பி வரும்போது அக்கா அடிக்கொரு தரம் ஊசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஊசி கோட்டைத் தாண்டியது தாண்டியதுதான். உள்ளே என்ன ஆகியிருக்கிறதோ.

பூஜை முடிந்ததும் மல்லிக் பஜார் மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். அன்று மாலை மகனுக்கு பெங்களூர் விமானம். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸிலிருந்து கொஞ்சம் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துக்கொண்டு வெளியே வந்தார். நல்ல ஆயில் ரோஸ் சர்பத் நிறத்தில் இருக்குமாம். துணியில் இருந்தது காபி டிகாக்‌ஷன். அடிப்பிடித்த பாத்திரத்தின் வாடை நான் நின்ற இடம்வரை வந்தது.

“புரே கேச்சே, மாஷிமா” என்றார் மெக்கானிக். கருகிவிட்டது என்று அர்த்தம்.

அக்கா துணியை வாங்கி மகனிடம் நீட்டினார். “நீயே பாத்துச் சொல்லு. ஒனக்குத்தான வாக்குக் குடுத்தேன்.”

அவன் துணியை மூக்கருகே கொண்டுபோனான். முகர்ந்தான். அம்மாவைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான்மா இருக்கு” என்றான். “ஆயில மட்டும் மாத்திட்டு ஓட்டு.”

அக்கா துணியைத் திரும்ப வாங்கித் தானும் முகர்ந்து பார்த்தார். “ஆமாலே. நல்லாத்தான் இருக்கு.”

மெக்கானிக்குக் குழப்பம். தனக்குத் தமிழ் தெரியாததால் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்து, “புரே கேச்சே, புரே கேச்சே” என்று இன்னும் சத்தமாக, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னார். அந்தப் பையன் டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்குத் தமிழைவிட வங்காளம்தான் நன்றாக வரும். அக்கா அந்த மொழியில் மீன்காரரோடு சண்டை போட்டு ஜெயிக்கிறவர். இரண்டு பேர் காதிலும் அது விழவே இல்லை. வங்காளம் சரியாகத் தெரியாதவன் அங்கே நான் ஒருவன்தான். எனக்குப் புரிந்தது.